மச்சான் நெற்றியில் மணி ஒன்று நாற்பது

என் மனைவியின் தம்பி தாஸின் இடது கையை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நான் கிட்டத்தட்டச் சாகடித்தேன். அடித்தோ முறுக்கியோ அல்ல, பிள்ளைகளே. முதலுதவி செய்து. இதை நான் சொல்லாவிட்டாலும் எங்கள் வீட்டில் யாராவது உங்களிடம் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சொன்னால் இரண்டு முழம் கூட்டிச் சொல்வார்கள். அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

அறுபதுகளின் கடைசி. தாம்பரத்தில் ரயில் கேட்டுக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டு வீட்டில் குடியிருந்தோம். எனக்குக் குரோம்பேட்டையில் கதவுக் கீல் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை. எட்டாவது வரை படித்தவன் என்பதால் பேக்கிங் பிரிவில் போட்டிருந்தார்கள். கீல்களை மரப்பெட்டியில் அடுக்கி, ஆணி அடித்து, மேலே விலாசம் எழுத வேண்டும். அவ்வளவுதான் என் உத்தியோகம்.

கம்பெனியில் ஒருவராவது முதலுதவி படித்திருக்க வேண்டும் என்று மேனேஜர் ஒருநாள் சொன்னார். ஆறு சனிக்கிழமை வகுப்பு. மற்ற எல்லாருக்கும் சனிக்கிழமை சாயங்காலம் ஏதோ வேலை இருந்தது. எனக்கு இல்லை. பட்டாளத்தில் கட்டுப் போட்டுப் பழகி ஓய்வு பெற்ற ஒரு வாத்தியார் வகுப்பு நடத்தினார். முதல் சனிக்கிழமை எனக்கு வயிற்றுப்போக்கு, போகவில்லை. அன்றைக்குத்தான் சின்னக் காயங்களைப் பற்றிய பாடமாம். மீதி ஐந்து சனிக்கிழமையும் விடாமல் போனேன். எலும்பு முறிவு, பாம்புக்கடி, தண்ணீரில் மூழ்கியவர், தீப்புண், கடைசி நாள், பீறிடும் ரத்தத்தை நிறுத்தக் கையையோ காலையோ நெரித்துக் கட்டும் இறுக்குக்கட்டு. ஆகவே கை துண்டாகித் தொங்கினால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். விரலில் கீறினால் என்ன செய்ய வேண்டும் என்று தெரியாது. இந்த ஓட்டையோடேயே எனக்குச் சர்டிபிகேட்டும் கொடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து மாதம் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஐந்து மாதம் நான் பட்ட பாடு இருக்கிறதே! ஓர் இடத்தில் உட்கார முடியாது. ஒரு பெட்டிக்கு ஆணி அடித்துவிட்டு மெஷின் பக்கம் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வருவேன். தகடு வெட்டும் கன்னியப்பன் ஒருநாள் மெஷினை நிறுத்திவிட்டே கேட்டான்.

"இன்னா சார், எவன் கை போவும்னு பாத்துகினு கீறியா?"

"அப்படியில்லப்பா. ஒரு ஜாக்கிரதைக்கு."

"நீ பக்கத்துல வந்து நின்னாத்தான் கை நடுங்குது. போய் பொட்டிய கட்டு சார், பேஜார் பண்ணாத."

வீட்டிலும் இதே கதைதான். ஞானம் (என் மனைவி) அரிவாள்மனையை எடுத்துப் போட்டால் போதும், நான் பஞ்சும் கையுமாகப் பின்னால் போய் நிற்பேன்.

"ஏங்க, வெண்டைக்காய் நறுக்கறதுக்கு எதுக்குங்க காவல்? நான் இருவது வருஷமா நறுக்கறேன், ஒரு விரலும் குறையல. எண்ணிப் பாத்துக்கோங்க."

உண்மையைச் சொன்னால், அப்படி எண்ணியும் பார்த்தேன்.

இனி தாஸ். ஞானத்துக்கும் அவனுக்கும் அப்பா அம்மா இல்லை. அவன் கல்யாணம் எங்கள் பொறுப்பு. நல்ல பையன், நல்ல வேலை. ஒரே குறை, வாய் திறக்க மாட்டான். முதலில் பார்க்கப் போன வீட்டில் "என்ன உத்தியோகம்?" என்று கேட்டதற்குச் சிரித்தான். இரண்டாவது வீட்டில் "பொண்ணு பிடிச்சிருக்கா?" என்று கேட்டதற்குத் தண்ணீர் கேட்டான். இரண்டு இடமும் போயிற்று. மூன்றாவதாகக் கூடுவாஞ்சேரியில் ஒரு தலைமையாசிரியரின் மகள், கிருபா என்று பெயர், வந்தாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். தாஸ் அவளை ஏற்கெனவே வண்டலூரில் நடந்த ஒரு கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில் பாட்டுக் குழுவில் பார்த்திருக்கிறான். மூன்று மாதம் மனசுக்குள் வைத்திருந்து, ஒருநாள் சோறு பிசைந்துகொண்டே, "அந்தப் பொண்ணா இருந்தா நல்லாருக்கும்க்கா" என்றான். அவன் வாழ்க்கையில் அதுவரை பேசியதிலேயே நீளமான வாக்கியம் அது. ஞானம் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெண் பார்க்கப் போகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் கோவிலுக்குப் போகும் வழியிலேயே என்னிடம் கண்டிப்பாகச் சொன்னாள்: "இதுவும் தவறிடுச்சுன்னா அவன் அப்புறம் வாயே திறக்க மாட்டான். நீங்க அங்க வந்து எதுவும் செய்ய வேண்டாம். சும்மா உக்காந்திருந்தா போதும்."

சும்மா உட்காருவதா? பெண் நர்ஸ் ஆயிற்றே! மாப்பிள்ளை வீட்டிலும் வைத்தியம் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்று அவர்களுக்கு எப்படித் தெரிவிப்பது என்ற யோசனையில் அன்றைக்குப் பிரசங்கம் என் காதில் விழவேயில்லை.

இரண்டு மணி பாசஞ்சரைப் பிடிக்க வேண்டும். ஒன்றரை மணிக்குத் தாஸ் வெள்ளைச் சட்டை, நண்பனிடம் வாங்கி வந்த நீல டை எல்லாம் போட்டுக்கொண்டு தயாராக இருந்தான். கிளம்புமுன் எல்லாருக்கும் ஒரு வாய் காப்பி போடலாம் என்று ஞானம் புது பால் பவுடர் டின்னை எடுத்தாள். "நான் திறக்கறேன்க்கா" என்று தாஸ் வாங்கினான். உள்தகட்டைக் கத்தியால் கீறினான். தகட்டின் விளிம்பு இடது கட்டைவிரல் அடியில் பட்டுவிட்டது.

தரையில் ஐந்து சொட்டு ரத்தம். ஞானம் பிறகு எண்ணிச் சொன்ன கணக்கு அது. என் கண்ணுக்குப் பாலாறு மாதிரி தெரிந்தது.

ஞானம் துவைத்த துணி ஒன்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். "இத வெச்சு அமுக்கிப் பிடிடா. கையத் தூக்கு." (அவள் எந்த வகுப்புக்கும் போனதில்லை.)

"தொடாதே!" என்று கத்தினேன். ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்ற கத்தல் அது. பக்கத்து வீட்டு ஆடு பதில் கொடுத்தது.

தாஸின் கழுத்திலிருந்து டையை உருவினேன். முழங்கைக்கு மேலே இரண்டு சுற்றுச் சுற்றினேன். முடிச்சுக்குள் செருகித் திருக ஒரு குச்சி வேண்டும் என்பது பாடம். குச்சி இல்லை. அடுப்படியில் இரும்புத் தோசைத் திருப்பி கிடந்தது. காம்பைச் செருகித் திருகினேன். மூன்று திருகு. தாஸ் "அத்தான்..." என்றான். நான்காவது திருகு. பிறகு சத்தம் இல்லை. திருப்பி அவிழ்ந்துவிடாமல் நாடாவால் கட்டினேன். அதன் தட்டையான பக்கம் அவன் தோளுக்கு மேலே, காதுக்கு நேராக, சின்ன விசிறி மாதிரி நின்றது.

அடுத்த படி, நேரத்தைக் குறிக்க வேண்டும். இறுக்குக்கட்டு போட்டால் எத்தனை மணிக்குப் போட்டது என்பதை நோயாளியின் நெற்றியிலேயே எழுதிவிட வேண்டும் என்று வாத்தியார் சொல்லியிருந்தார். என் சட்டைப் பையில் எப்போதும் பெட்டிக்கு விலாசம் எழுதும் காப்பிங் பென்சில் இருக்கும். நாக்கில் தொட்டு எழுதினால் ஊதா மையாகப் பதியும். மழையில் நனைந்தாலும் பெட்டி வடக்கே போய்ச் சேரும்வரை எழுத்து அழியாது. நாக்கில் நன்றாகத் தொட்டு, பெட்டிக்கு எழுதுகிற அதே பெரிய எழுத்தில், தாஸின் நெற்றியில் 1-40 என்று எழுதினேன்.

"நெத்தியில எதுக்குங்க எழுதறீங்க?" என்றாள் ஞானம்.

"டாக்டர் முதல்ல நெத்தியத்தான் பார்ப்பார்."

"கையில தோசைத் திருப்பி நிக்குது. அதப் பார்க்க மாட்டாரா?"

நான் எழுத்து காய நெற்றியை ஊதினேன்.

"ரத்தம் நின்னுடுச்சுங்க. அவுத்துடுங்க, நேரமாகுது."

"டாக்டர்தான் அவிழ்க்கணும். அதுவரைக்கும் கால் மணிக்கு ஒரு தடவை தளர்த்தித் தளர்த்திக் கட்டணும். ரூல் அப்படி."

தெருக்கோடி டாக்டர் வீட்டுக்கு ஓடினோம். ஞாயிற்றுக்கிழமை, பூட்டியிருந்தது. அங்கிருந்து ஸ்டேஷனுக்கு ஓட்டம். பிளாட்பாரத்தில் என் கைக்கடிகாரத்தைப் பார்த்து, சரியாக ஒன்று ஐம்பத்தைந்துக்குக் கட்டைத் தளர்த்தினேன். காயத்தில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது. "பார்த்தியா!" என்று ஞானத்திடம் வெற்றியோடு காட்டிவிட்டு மறுபடி இறுக்கினேன். நெற்றியில் பழைய நேரத்தை அடித்துவிட்டு, கீழே 1-55 எழுதினேன். தாஸ் இப்போதும் "அத்தான்" என்றான். அதற்கு மேல் அவனுக்கு வரவில்லை.

வண்டியில் ஞானம் தூரத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்து ஜன்னல் வழியாகப் பெருங்களத்தூரைப் பார்க்க ஆரம்பித்தாள். எங்களுக்கு எதிரே ஒரு கீரைக்காரம்மாவும் ஒரு பெரியவரும். இருவரும் தாஸின் நெற்றியை எழுத்துக்கூட்டினார்கள்.

"இன்னா நைனா, நெத்தில ரயில் டைம் போட்டுகினு வந்துகீறாரு?"

"ஒண்ணு நாப்பதுக்கு ஏது வண்டி? இது ரெண்டு மணி வண்டிம்மே."

"அதான் அடிச்சிட்டு திருப்பி எழுதிகீறாங்கோ. அதுவும் தப்பாத்தான் கீது."

நான் அவர்களுக்கு இறுக்குக்கட்டைப் பற்றி விளக்கினேன். அந்தம்மா தோசைத் திருப்பியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அடுப்பாண்ட கீற வேண்டியத இன்னாத்துக்குய்யா கைல கட்டி வெச்சிகீறே?" என்றாள். தாஸ் மட்டும் அவளை நன்றியோடு பார்த்தான். இரண்டு பத்துக்கு மறுபடி தளர்த்தல், மறுபடி ஒரு சொட்டு, மறுபடி இறுக்கல், நெற்றியில் மூன்றாவது வரி. இனி 2-25க்குத் தளர்த்த வேண்டும்.

கூடுவாஞ்சேரியில் இறங்கியபோது கடிகாரத்தைப் பார்த்தேன். 2-15. ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டதே, இன்றைக்கு வண்டி பறந்திருக்கிறது என்று டிரைவரை மனசுக்குள் மெச்சினேன். பெண் வீட்டு வாசலில் நின்றபோது மறுபடி பார்த்தேன். 2-15. பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். (தினமும் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது என் வழக்கம். அன்றைக்குச் சாவி கொடுக்க வேண்டிய கை தாஸுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. இதெல்லாம் பிறகு தெரிந்தது.)

கிருபாவின் அப்பா வாசலில் நின்றிருந்தார். ஆறடி உயரம். முப்பது வருஷம் பிள்ளைகளின் சிலேட்டைத் திருத்திய கண். மாப்பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை, நேரே நெற்றியைத்தான் படித்தார்.

"யார் எழுதினது?"

"நான்தான் சார். முதலுதவி. சர்டிபிகேட் இருக்கு."

"ஒண்ணு நாப்பது, ஒண்ணு அம்பத்தஞ்சு, ரெண்டு பத்து." மனசுக்குள் கழித்துப் பார்த்தார். "கணக்கு சரிதான். உள்ள வாங்க. முதல்ல ஜெபம் பண்ணிடுவோம்."

எங்கள் வீடுகளில் எந்த நல்ல காரியமும் ஜெபத்தில்தான் தொடங்கும். ஆனால் எவ்வளவு நேரம் ஜெபிப்பது என்பது ஜெபிக்கிறவர் விருப்பம். எல்லாரும் கண்ணை மூடினோம். அவர், கடவுள் வானத்தையும் பூமியையும் உண்டாக்கியதிலிருந்து ஆரம்பித்தார். மழைக்காக நன்றி சொன்னார். பள்ளிக்கூடத்துக்காகவும், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகளுக்காகவும், ஊர் ஏரிக்காகவும், தூர தேசத்தில் இருக்கும் பிரயாணிகளுக்காகவும் வேண்டினார். நான் ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரத்தைப் பார்த்தேன். 2-15. நேரம் நிறைய இருக்கிறது. ஆனாலும் என் கால் ஆட ஆரம்பித்தது. மறுபடி பார்த்தேன். 2-15. இந்த மனிதர் இவ்வளவு வேகமாகவா ஜெபிக்கிறார் என்று எனக்கு முதன்முதலாக ஒரு சந்தேகம் தட்டியது.

பக்கத்திலிருந்து ஒரு முனகல். "அத்தான், விரல் இருக்கிறதே தெரியல."

"ஷ்! ஜெபம்."

"வேதனையில் தவிக்கிறவர்களை நினைத்தருளும்" என்றார் தலைமையாசிரியர். தாஸ் அடிவயிற்றிலிருந்து "ஆமென்" என்றான். அவர் அது பக்தி என்று நினைத்துக்கொண்டு, வேதனைப்படுகிறவர்களுக்காகவே தனியாக இன்னொரு நீண்ட ஜெபத்தைத் தொடங்கிவிட்டார்.

அப்போது சுவர்க் கடிகாரம் மூன்று அடித்தது.

மூன்று! நான் என் கடிகாரத்தைக் காதில் வைத்தேன். உள்ளே சத்தமே இல்லை. தாஸின் கையைப் பார்த்தேன். விரல்கள் நீலம் பாரித்துக் கிடந்தன, அந்த டை நிறத்துக்கே வந்திருந்தன. ஐம்பது நிமிஷம்! வாத்தியார் கடைசி நாளில் சொன்னது ஒவ்வொரு சொல்லாக வந்து என் மண்டையில் இறங்கியது. மறந்துபோய் விட்டுவிட்டால் கையையே எடுக்க வேண்டி வரும். இந்தப் பையன் என்னை நம்பிக் கையை நீட்டினான். எழுந்து கத்தலாமா? கத்தினால் ஜெபத்தைக் கெடுத்தவன் என்று சம்பந்தம் போகும். கத்தாவிட்டால் கை போகும். சொன்னால் வெட்கம். அன்றைக்கு அந்த நாற்காலியில் நான் யோசித்தது அரை நிமிஷம் இருக்கும். அந்த அரை நிமிஷத்துக்காக இன்றைக்கும் வெட்கப்படுகிறேன், பிள்ளைகளே. யோசித்திருக்கவே கூடாது.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளறைத் திரை விலகியது. கையில் காப்பித் தட்டோடு கிருபா. அவளும் ஜெபம் முடியத்தான் திரைக்குப் பின்னால் காத்திருந்திருக்கிறாள், அவளும் கண்ணைத் திறந்துதான் இருந்திருக்கிறாள். தட்டைத் தரையில் வைத்தாள். நேரே வந்து தாஸின் முன்னால் மண்டியிட்டாள். நாடாவை அவிழ்த்து, திருப்பியை உருவி, டையைத் தளர்த்திவிட்டு, அவன் கையைத் தன் மடியில் வைத்து ஒவ்வொரு விரல் நுனியாக அழுத்திப் பார்த்தாள்.

"...ஆமென்" என்றார் அப்பா.

எல்லாரும் கண்ணைத் திறந்தார்கள். பெண் பார்க்கும் சடங்கில் அதுவரை பெண்ணையே யாரும் பார்க்கவில்லை. அவளோ மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருக்கிறாள்!

"என்னம்மா இது?" அப்பா ஓர் அடி முன்னால் வந்தார்.

"நீங்க இன்னும் ரெண்டு ஊருக்கு ஜெபம் பண்ணியிருந்தா இவர் கை போயிருக்கும்பா. யார் இதைக் கட்டினது?"

ஞானம், தாஸ், தலைமையாசிரியர், மூன்று பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தார்கள். என் கால் ஆடுவது நின்றது.

விரல்களில் கொஞ்சம் கொஞ்சமாக நிறம் வந்தது. ரத்தம் திரும்பும்போது ஆயிரம் எறும்பு கடிக்கிற மாதிரி இருக்குமாம். தாஸின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கிருபா, "விரலை ஆட்டுங்க. நல்லா ஆட்டுங்க" என்று சொல்லிக்கொண்டேயிருந்தாள். ஐந்தும் ஆடின. அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"சரி, காயம் எங்க?" என்றாள்.

தேடினோம். அவள் தேடினாள், ஞானம் தேடினாள், தலைமையாசிரியர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து குனிந்தார். கடைசியில் தாஸே வலது கையால் தொட்டுக் காட்டினான். "இங்க."

ஒரு பச்சரிசி நீளம்.

"அண்ணா" என்று கிருபா என் பக்கம் திரும்பினாள். கோபத்தை அடக்கிக்கொண்டு பேசுகிற நர்ஸ் குரல். "சுத்தமான துணிய வெச்சுப் பத்து நிமிஷம் விடாம அமுக்கிப் பிடிச்சு, கைய நெஞ்சுக்கு மேல தூக்கி வெச்சிருந்தா முடிஞ்சுபோச்சு. அப்புறம் சோப்புப் போட்டுக் கழுவி ஒரு சின்னக் கட்டு. தகரம் கிழிச்சதால ஒரு ஊசி. எத வெச்சு அமுக்கியும் நிக்காம, உயிருக்கே ஆபத்துன்னு கொட்டினாத்தான் இந்தக் கட்டு. இத முதல் நாளே சொல்லித் தருவாங்களே?"

"முதல் நாள் எனக்கு வயித்துப்போக்கும்மா."

தலைமையாசிரியர் தரையில் கிடந்த தோசைத் திருப்பியை எடுத்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தார். முதலில் அவர் தோள் குலுங்கியது. பிறகு வயிறு. அவர் சிரித்து அந்த வீட்டில் யாரும் பார்த்ததில்லையாம். உள்ளேயிருந்து கிருபாவின் அம்மா பயந்துபோய் ஓடி வந்தார்.

கிருபா ஈரத் துணியால் தாஸின் நெற்றியைத் துடைத்தாள். அதுதான் அன்றைக்கு அவள் செய்த ஒரே தவறு. காப்பிங் பென்சில் ஈரம் பட்டால் இன்னும் மலரும். மூன்று வரியும் கலைந்து நெற்றி முழுக்கக் கத்தரிக்காய் நிறமாயிற்று. ஆனால் முதல் வரி, நான் அதிகம் எச்சில் தொட்டு அழுத்தி எழுதிய வரி, அடித்த கோடு கரைந்த பிறகும் அதற்குள் தெளிவாக நின்றது.

அப்பா தொண்டையைச் செருமினார். "இவ்வளவு ஆனதுக்கப்புறம் கேக்கறேன். உனக்கு என்னம்மா அபிப்பிராயம்?"

"ஐம்பது நிமிஷம் இந்த வலியத் தாங்கிக்கிட்டு ஜெபத்தையும் கலைக்கல, அத்தானையும் அடிக்கல. ஆஸ்பத்திரியில நான் பார்க்காத பொறுமைப்பா இது. எனக்குச் சம்மதம்." பிறகு என்னைப் பார்த்தாள். "ஆனா ஒரு கண்டிஷன். அண்ணா போய் அந்த முதல் பாடத்தப் படிச்சிட்டு வரணும்."

"உனக்கு, தம்பி?" என்று தாஸைக் கேட்டார்.

ஞானம் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். தாஸ் ஐந்து விரலையும் இன்னொரு முறை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். "எனக்கும் சம்மதம் சார். அத்தான் எங்க கல்யாணத்துக்கு முதலுதவிப் பெட்டி எடுத்துக்கிட்டு வரக்கூடாது" என்றான். முந்தைய சாதனையை முறியடித்த வாக்கியம்.

மறுநாள் கம்பெனியில் நான் கட்டிய பெட்டிகளில் பாதிக்குத் தப்பு விலாசம் எழுதினேன். கண்ணை மூடினால் அந்த நீல விரல்கள்தான் தெரிந்தன. அடுத்த சனிக்கிழமையே வாத்தியாரிடம் போய், புது வகுப்பின் முதல் பாடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்தேன். அமுக்கிப் பிடி, உயர்த்திப் பிடி, கழுவு, மூடு. அவ்வளவுதான் பாடம். நாலே படி. நீங்களும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் பீறிட்டாலோ, பத்து நிமிஷம் அமுக்கியும் நிற்காவிட்டாலோ, அமுக்கிய கையை எடுக்காமல் பெரியவர்களைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி செய்யாதீர்கள். தப்பாகச் செய்துவிட்டோம் என்று தெரிந்தால், யார் ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாலும் உடனே கத்துங்கள். கடவுள் கோபித்துக்கொள்ள மாட்டார்.

தாஸின் நெற்றி நிறம் லேசில் போகவில்லை. எலுமிச்சம்பழம் தேய்த்தோம், சீயக்காய் தேய்த்தோம். அடுத்த ஞாயிறு கோவிலில் இந்தக் கல்யாணத்துக்கு முதல் ஓலை, அதாவது மூன்று ஞாயிறு சபையில் படிக்கும் கல்யாண அறிவிப்பு, வாசித்தபோது, சபை முழுக்கத் திரும்பிப் பார்த்து ஊதா நெற்றியைப் படித்தது. மூன்றாம் ஓலையில்தான் மனிதன் பழைய நிறத்துக்கு வந்தான்.

ஆனால் எங்கள் குடும்பத்துக்கு அது இன்னும் அழியவில்லை. தாஸுக்கு இப்போது இரண்டு பெண் பிள்ளைகள், பள்ளிக்கூடம் போகிறார்கள். அவர்கள் வீட்டுக் கூடத்தில் நல்ல சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. போன வாரம் போயிருந்தபோது, திரும்பும் வண்டிக்கு நேரமாகிவிட்டதோ என்று, "மணி என்னம்மா?" என்று கேட்டேன். இரண்டு பேரும் கடிகாரத்தைத் திரும்பியும் பார்க்கவில்லை. சோற்றில் கை வைத்திருந்த அப்பாவின் தலைமுடியை ஒதுக்கி, நெற்றியை உற்றுப் பார்த்துவிட்டு, ஒரே குரலில் சொன்னார்கள்:

"ஒண்ணு நாப்பது, மாமா."